87, 89, 93: பிக்அப்புக்கு எந்தப் பெட்ரோல்?

பங்கில் வண்டியை நிறுத்தியதும் கையில் குழாயோடு வந்து கேட்பார்கள்: "நார்மலா, பவரா சார்?" யோசிக்க நேரம் இருக்காது. பின்னால் நிற்பவர் அதற்குள் ஹார்ன் அடித்துவிடுவார். நாமும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவோம். பவர் போட்டால் வண்டி பறக்கும் என்பது ஒரு கட்சி. பறப்பது காசுதான் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியிலும் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இருப்பதால் வழக்கு தீர்ந்தபாடில்லை.

இதை விசாரிக்க வசதியான இடம் அமெரிக்கா. டல்லாஸிலோ டெட்ராய்ட்டிலோ பிள்ளை வீட்டுக்குப் போய்வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: அங்கே பெரும்பாலான பங்குகளில் ஊற்றிக்கொடுக்க ஆள் கிடையாது. குழாய்க்கு மேலே மூன்று பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் வில்லையில் கறுப்பு எழுத்தில் ஓர் எண். 87, 89, 93. விலையும் அதே வரிசையில் ஏறும். நம் ஊரில் பிக்அப் வண்டி என்றால் பெரும்பாலும் டீசல். அங்கே பெரும்பாலும் பெட்ரோல். வேலைக்குப் போவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் வார இறுதியில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவதும் ஒரே வண்டியில்தான். 1977-இலிருந்து அந்நாட்டில் மிக அதிகமாக விற்கும் பிக்அப் ஃபோர்டின் எஃப் வரிசை. அதில் எஃப்-150 வண்டியை, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினோடு, எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதன் கையேடு 87 போதும் என்கிறது. அதே கையேடு, டிரெய்லர் இழுப்பது போன்ற கடுமையான வேலை இருந்தால் பிரீமியம் போடுங்கள் என்றும் சொல்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் குதிரைத்திறனோ பிரீமியம் பெட்ரோல் போட்டு அளந்தது. அடிக்குறிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் தெரியும். தயாரித்தவர்களே இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். ஏன் என்று புரிய இன்ஜினுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

நெருப்பு முந்திக்கொண்டால்

ஒரே ஒரு சிலிண்டரைப் பார்ப்போம். காற்றும் பெட்ரோலும் உள்ளே வந்து கலக்கின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை நெருக்குகிறது. பத்தரைப் பங்கு இடத்தில் பரவியிருந்ததை ஒரு பங்கு இடத்தில் அடக்கிவிடுகிறது. இந்தக் கணக்குக்கு அமுக்க விகிதம் என்று பெயர். நம் வண்டியில் அது 10.5. போதாததற்கு டர்போ இருக்கிறது. புகைபோக்கியில் வெளியேறும் சூடான வாயுவால் சுழலும் விசிறி அது; வெளிக்காற்றை முன்கூட்டியே அழுத்திச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. வாயுவை நெருக்கினால் சூடாகும். ஆகவே ஸ்பார்க் பிளக் பொறி விடும் முன்பே கலவை பல நூறு டிகிரி சூட்டில் காத்திருக்கிறது.

பொறி விழுந்ததும் எல்லாம் ஒரேயடியாக வெடித்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காக ஓடும் இன்ஜினில் வெடிப்பு என்று எதுவும் நடப்பதில்லை. பிளக்கின் முனையில் சிறு தீக்கோளம் பிறந்து நாலாபுறமும் விரிகிறது. விரிந்து முடிக்கச் சில மில்லி நொடிகள் ஆகும். கொஞ்ச நேரம்தானே என்று தோன்றலாம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் ஷாப்ட் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. எனவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விட்டுவிட வேண்டும். அப்போதுதான் அழுத்தம் முழுமையடையும் நேரத்தில் பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருக்கும். தள்ளும் விசை வீணாகாது.

இனி சிக்கல் நடக்கும் மூலைக்குப் போவோம். தீக்கோளம் விரியும்போது எரிந்த வாயு உப்பி, இன்னும் எரியாத மிச்சக் கலவையைச் சுவரோரமாக நெருக்குகிறது. ஏற்கெனவே சூடாக இருந்த மிச்சம் மேலும் சூடாகிறது. தீ வந்து தொடும்வரை அது பொறுத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. பொறுக்காமல் தானாகவே பற்றிக்கொண்டால் அந்த மிச்சம் முழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் எரிந்துவிடும். அழுத்தம் திடீரென எகிறும். ஒலியலைகள் சிலிண்டர் சுவர்களில் நொடிக்கு ஆறேழாயிரம் முறை மோதித் திரும்பும். வெளியே கேட்பது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம். ஒர்க்‌ஷாப்பில் "நாக்கிங் அடிக்குது" என்பார்கள். நாம் தட்டல் என்று வைத்துக்கொள்வோம்.

தட்டலின் சத்தத்தைவிட அது செய்யும் வேலை மோசமானது. பிஸ்டனின் தலையையும் சிலிண்டர் சுவரையும் ஒட்டி, கொஞ்சம் குளிர்ந்த வாயு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அலுமினியப் பிஸ்டன் உருகாமல் இருப்பது இந்தப் படலத்தின் தயவு. மோதும் அலைகள் அதைக் கலைத்துவிடுகின்றன. கடுந்தட்டல் நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு அரித்துப்போகும், வளையம் உடையும்.

(டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. நெருக்கிய காற்றின் சூட்டில் எரிபொருள் தானாகப் பற்ற வேண்டும். அதை நம்பித்தான் அந்த இன்ஜினே ஓடுகிறது. பெட்ரோலில் குற்றமானது டீசலில் உத்தியோகம்.)

சிவப்பு இலையும் பைன் பிசினும்

இந்தச் சத்தம் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்தது. சார்லஸ் கெட்டரிங், கையால் சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்த காருக்கு மின் ஸ்டார்ட்டர் செய்து 1912 காடிலாக்கில் பொருத்திக் காட்டியவர். கார்கள் தட்டத் தொடங்கியபோது, அவர் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பழி விழுந்தது. பழியைத் துடைக்க 1916 வாக்கில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்தார்.

அவர்களுடைய முதல் யோசனை விசித்திரமானது. அமெரிக்கக் காடுகளில் பனி விலகும் முன்பே பூக்கும் ஒரு செடி உண்டு. அதன் இலைகளின் பின்புறம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் அது சீக்கிரம் பூக்கிறதோ? எரிபொருளுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றினால் சீக்கிரம் ஆவியாகித் தட்டல் நிற்குமோ? ஆய்வகத்தில் கைக்குக் கிடைத்தது அயோடின். அதைக் கலந்தார்கள், தட்டல் நின்றுவிட்டது! வேறு சிவப்புச் சாயங்களை வாங்கிவந்து ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அயோடின்தான் வேலை செய்திருக்கிறது. தவறான கருத்தைப் பிடித்துக்கொண்டு சரியான வாசலுக்கு வந்து சேர்ந்த கதைகள் அறிவியலில் நிறைய. எனக்குப் பிடித்தவற்றில் இது ஒன்று.

அந்த வாசல் வழியே போய் 1921 டிசம்பர் 9 அன்று அவர்கள் கண்டெடுத்தது ஈயச் சேர்மம். 1923-இல் டேட்டனில் 'எத்தில்' என்ற பெயரில் பெட்ரோலோடு விற்பனைக்கு வந்தது. அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம், கூடுதல் விலை. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஈய நஞ்சேறி ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் முழுவதும் தடையானது 1996-இல், இந்தியாவில் 2000-இல், உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல். காசு அதிகம் கொடுத்தால் கிடைக்கும் சிறப்புப் பெட்ரோல் என்ற எண்ணம் வேரூன்றியது அந்தச் சிவப்புத் திரவத்தின் காலத்தில்தான்.

எது எவ்வளவு தட்டுகிறது என்று சொல்ல அளவுகோல் வேண்டாமா? எத்தில் நிறுவனத்தில் வேலை பார்த்த கிரஹாம் எட்கர் 1926-இல் அதைக் கொடுத்தார். இரண்டு தூய திரவங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று ஹெப்டேன்: ஏழு கார்பன் அணுக்கள் நேர்ச்சங்கிலியாக நிற்கும் மூலக்கூறு. சூடு பட்டதும் சுலபமாக உடையும், பயங்கரமாகத் தட்டும். தூய ஹெப்டேன் அப்போது கிடைத்த இடம் எண்ணெய்க் கிணறு அல்ல. கலிஃபோர்னியா மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசின். இன்னொன்று ஐசோ-ஆக்டேன்: எட்டு கார்பன் அணுக்கள் கிளைவிட்டு நெருங்கி நிற்கும் மூலக்கூறு. எளிதில் அசைந்துகொடுக்காது. ஹெப்டேனுக்குப் பூஜ்யம், ஐசோ-ஆக்டேனுக்கு 100 மதிப்பெண். ஒரு பெட்ரோல், 87 பங்கு ஐசோ-ஆக்டேனும் 13 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை அளவுக்குத் தட்டினால் அதன் ஆக்டேன் எண் 87.

இந்த எண்ணில் வலிமை, வேகம், வெப்பம் எதுவும் இல்லை. தானாகப் பற்றாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பது மட்டுமே இருக்கிறது. ஒரு லிட்டர் 87-ஐயும் ஒரு லிட்டர் 93-ஐயும் எரித்தால் வரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. ஐயம் இருப்பவர்கள் எத்தனாலைப் பார்க்கலாம். அதன் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். லிட்டருக்கு அது தரும் ஆற்றலோ பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நம் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலந்ததிலிருந்து மைலேஜ் போச்சு என்று ஒரு தரப்பும், ஆக்டேன் ஏறிவிட்டது என்று இன்னொரு தரப்பும் பேசுகின்றன. இரண்டும் உண்மை.

அமெரிக்க 87 நம் 91

எத்தனால் 20 சதவீதமாகும் முன், இந்திய பிஎஸ்-6 தரவிதியில் சாதாரணப் பெட்ரோலுக்கு 91 என்று இருந்தது. பணக்கார அமெரிக்காவில் சாதாரணம் 87 தானா? அங்கே பெட்ரோல் மட்டமா?

இல்லை, அளக்கும் முறை வேறு. ஆக்டேன் எண்ணை அளக்க ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஒன்று உண்டு. 1920களின் இறுதியில் விஸ்கான்சின் மாநிலத்து வாகீஷா நிறுவனம் செய்தது. கிட்டத்தட்ட அதே வடிவில் இன்றும் எண்ணெய் ஆலைகளின் ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும்போதே சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்தி அமுக்க விகிதத்தை மாற்றலாம். தட்டல் தொடங்கும்வரை நெருக்கிப் பார்ப்பார்கள். இதில் இரண்டு சோதனைகள். ஒன்று 600 சுற்றில், மிதமான சூட்டில். இதைத்தான் இந்தியாவும் ஐரோப்பாவும் பலகையில் எழுதுகின்றன. மற்றது 900 சுற்றில், கலவையை ஏறக்குறைய 150 டிகிரிக்குச் சூடாக்கி, கொஞ்சம் வதைத்து எடுப்பது. இதில் எண் குறைவாக வரும். அமெரிக்கர்கள் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். முதல் சோதனையில் 91-உம் இரண்டாவதில் 83-உம் வாங்கும் பெட்ரோல் அங்கே 87. அவர்களுடைய 93, நம் கணக்கில் சுமார் 98.

அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு விசித்திரம். கடல்மட்டத்துக்கு 5280 அடி மேலே இருக்கும் டென்வரில் சாதாரணப் பெட்ரோல் என்று 85-ஐ விற்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. உயரத்தில் காற்று மெலிவு, சிலிண்டருக்குள் போவதும் குறைவு, அழுத்தமும் குறைவு, தட்டலும் குறைவு. டர்போ வந்ததும் அந்த நியாயம் போய்விட்டது. மெலிந்த காற்றையும் அது அழுத்தித் திணித்துவிடுகிறது; உள்ளே இருக்கும் கலவைக்குத் தான் மலைமேல் இருப்பதே தெரியாது. ஃபோர்டு கையேடு 87-க்குக் கீழே போகாதீர்கள் என்று சொல்வதன் காரணம் இது. பழக்கம் மட்டும் பங்குகளில் தொடர்கிறது.

இன்ஜினுக்குக் காது முளைத்தது

பழைய வண்டிகளில் தவறான பெட்ரோல் போட்டால் காதால் கேட்டு, பொறி விடும் நேரத்தைக் கையால் திருத்த வேண்டும். இன்று இன்ஜின் பிளாக்கில் காசு அளவு உணரி ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும் படிகம். பெயர் நாக் சென்சார். தட்டல் எந்தச் சுருதியில் வரும் என்று கணினிக்குத் தெரியும். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும் காதைத் தீட்டிக் கேட்கிறது. தட்டல் கேட்டால் அடுத்த பொறியைச் சில டிகிரி தாமதமாக விடுகிறது; டர்போவின் அழுத்தத்தையும் தளர்த்துகிறது. சத்தம் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. நமக்கு எதுவும் தெரியாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தது போதவில்லை என்று காலுக்கு மட்டும் லேசாகத் தோன்றும்.

87 போட்டால் ஈகோபூஸ்ட் கெட்டுப்போகாததற்கு இந்தக் காதுதான் காரணம். 93 போட்டால் அது கூடுதலாக இழுப்பதற்கும் இதுவே காரணம். பின்வாங்கும் தேவை இல்லாததால், பொறியை உகந்த நேரத்திலும் டர்போவை முழு அழுத்தத்திலும் வைத்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் எல்லா இன்ஜினுக்கும் இந்த வசதி கிடையாது. 87-ஐ மனதில் வைத்தே கணக்கிட்டு, அதில் தட்டலே வராதபடி செய்த இன்ஜினில் மேலே ஏற இடமில்லை. அதற்கு 93 போட்டால் 93-க்கான பில் மட்டும் வரும். டொயோட்டா டண்ட்ராவின் இரட்டை டர்போ இன்ஜினுக்குக் கையேடு 87 என்கிறது. ராம் பிக்அப்பின் 5.7 லிட்டர் ஹெமிக்கு 89. ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் வி8-க்குப் பிரீமியம் 'பரிந்துரை'. இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். கையேட்டில் 'கட்டாயம்' என்று இருந்தால் விவாதமே இல்லை, போட்டுவிட வேண்டும். 'பரிந்துரை' என்றால் கணக்குப் போடலாம்.

டிரிபிள் ஏ எனப்படும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2017-இல் அந்தப் பரிந்துரை ரக வண்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்தது. பிரீமியத்தால் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது, குதிரைத்திறன் 1.4 சதவீதம். விலை வித்தியாசமோ அப்போதே 20 முதல் 25 சதவீதம். சராசரிக்குள் ஒளிந்திருப்பது சுவாரசியமானது. ஓர் ஆடி காரில் மைலேஜ் 1 சதவீதம் குறைந்தது. காடிலாக் எஸ்கலேடில் 7.1 சதவீதம் ஏறியது. எஸ்கலேடில் இருந்தது அதே 6.2 லிட்டர் வி8. பிக்அப்பில் போடும் இன்ஜின். பாரம் கூடிய பெரிய வண்டிதான் பிரீமியத்தை அதிகம் பயன்படுத்திக்கொண்டது.

எஃப்-150-இன் வரவு செலவு

கார் அண்ட் டிரைவர் பத்திரிகை 2019-இல் நம் வண்டியையே இரண்டு பெட்ரோலிலும் ஓட்டிப் பார்த்தது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகம் எட்ட 93-இல் 5.3 நொடி, 87-இல் 5.9 நொடி. நெடுஞ்சாலையில் 75 மைல் வேகத்தில் கேலனுக்கு 93-இல் 17.6 மைல், 87-இல் 17.0 மைல். ஆக, இந்த வண்டி வித்தியாசத்தை உணர்கிறது. பவர் கட்சிக்கு வெற்றியா?

கணக்கைப் போடுவோம். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டும் ஒருவர். சாதாரணம் கேலன் 3 டாலர், பிரீமியம் 3 டாலர் 80 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். (ஒரு அமெரிக்க கேலன் 3.8 லிட்டர் அளவு.)

87-இல் ஓட்டினால் ஆண்டுக்கு 882 கேலன். செலவு 2,647 டாலர். 93-இல் ஓட்டினால் 852 கேலன் போதும். 30 கேலன் மிச்சம், அதன் மதிப்பு 90 டாலர். ஆனால் வாங்கிய 852 கேலனுக்கும் தலா 80 சென்ட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அது 682 டாலர். 90-ஐ வரவு வைத்தாலும் 592 டாலர் கையைவிட்டுப் போகிறது. மைலேஜ் ஏறியது மூன்றரை சதவீதம், விலை ஏறியது 27 சதவீதம். இந்த இடைவெளியை எந்த இன்ஜினும் அடைக்காது. விலை வித்தியாசம் கேலனுக்குப் பத்துப் பதினோரு சென்டாகச் சுருங்கினால்தான் வரவும் செலவும் சமமாகும்.

அப்படியானால் அந்த 592 டாலருக்கு வாங்கியது என்ன? சிக்னலில் பச்சை விழுந்ததும் கிடைக்கும் 0.6 நொடி. அதுவும் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்தால்தான். கடைக்கும் அலுவலகத்துக்கும் அரைக்கால் அழுத்தத்தில் ஓட்டுபவரின் சிலிண்டருக்குள் பெரும்பாலான நேரம் 87-க்கே தட்டல் வராது. கணினி பின்வாங்குவதும் இல்லை. அந்த நேரங்களில் 93 வேலையில்லாமல் எரிந்து போகிறது. ஓட்டுவதில் சுகம் காண்பவர் 592 டாலரைச் சுகத்துக்குக் கொடுத்தேன் என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. மிச்சம் பிடித்தேன் என்று சொன்னால்தான் சண்டை.

பிரீமியம் இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் என்று கடைசி வாதம் ஒன்று வரும். படிவைக் கரைப்பது ஆக்டேன் அல்ல, பெட்ரோலில் சேர்க்கும் துப்புரவு வேதிப்பொருள். சில கார் நிறுவனங்கள் சேர்ந்து 2004-இல் 'டாப் டியர்' என்ற தரமுத்திரையை ஏற்படுத்தின. முத்திரை வாங்கிய பங்கில் 87 உட்பட எல்லா வகைக்கும் அதே தரம் பொருந்தும். அவ்வளவுதான்.

டேவிஸ் அணை ஏற்றம்

இதுவரை வண்டி காலியாகப் போனது. இப்போது பின்னால் டிரெய்லரை மாட்டுவோம்.

அரிசோனாவில், கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்குக் கீழே புல்ஹெட் சிட்டி என்று ஊர். கோடையில் அங்கே வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ஊரிலிருந்து 68-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை பாலை மலையில் பன்னிரண்டு மைல் ஏறுகிறது. ஏறும் உயரம் ஏறக்குறைய 3000 அடி. ஒரு பிக்அப் எவ்வளவு எடை இழுக்கும் என்று நிறுவனங்கள் சொல்லிக்கொள்வதை நிரூபிக்கும் இடம் இது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் இழுவைத் தரவிதி இந்தச் சாலையையே அடிப்படையாகக் கொண்டது. வெளிவெப்பம் 100 டிகிரிக்குக் குறையக்கூடாது, ஏசி முழுவேகத்தில் ஓட வேண்டும், டிரெய்லரில் சொன்ன எடை முழுக்க இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக்கூடாது.

நம் எஃப்-150 மூன்று டன் படகோடு இந்த ஏற்றத்தில் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டலுக்கு வேண்டிய எல்லாம் ஒன்றுகூடுகின்றன. உள்ளே இழுக்கும் காற்றே கொதிக்கிறது. டர்போ அதை அழுத்தி மேலும் சூடாக்குகிறது. ஆக்ஸிலரேட்டர் ஆழத்தில் இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சம். சமவெளியில் முந்திச் செல்லும் ஐந்து நொடிக்கு மட்டும் வரும் நிலை இங்கே கால் மணி நேரம் நீடிக்கிறது. 87 இருந்தால் கணினி விடாமல் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். பொறி தாமதமானால் கலவை தாமதமாக எரியும்; பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு புகைவழியாகப் போய் டர்போவைச் சுடும். வேகம் குறைகிறதே என்று ஓட்டுநர் இன்னும் மிதிப்பார், கியர் கீழே இறங்கும், பெட்ரோல் மேலும் குடிக்கும். இன்ஜின் உடைந்துவிடாது, உழைப்பு மட்டும் வீணாகும். கையேட்டில் பிரீமியம் போடச் சொல்லும் அந்த இரண்டாவது வாக்கியம் இந்த மாதிரி நாட்களுக்காக எழுதியது.

எனவே 87-ஆ 93-ஆ என்பதற்கு விடை வண்டியின் பெயரோடு முடிவதில்லை. ஒரே எஃப்-150, செவ்வாய்க்கிழமை அலுவலகம் போகும்போது ஒரு பெட்ரோல் வண்டி. சனிக்கிழமை படகை இழுக்கும்போது இன்னொரு பெட்ரோல் வண்டி. இதை வசதியாக்கும் செய்தி ஒன்றும் உண்டு: ஆக்டேன் கலக்கும். பல பங்குகளில் 89-க்கென்று தனித் தொட்டியே கிடையாது. கீழே இருக்கும் சாதாரணத்தையும் பிரீமியத்தையும் குழாயில் வரும்போதே கலந்து கொடுக்கிறார்கள். நம் தொட்டியிலும் அப்படியே. 26 கேலன் தொட்டியில் பாதி 87 இருக்கும்போது மீதிப் பாதியைப் பிரீமியத்தால் நிரப்பினால் இரண்டுக்கும் நடுவே ஓர் எண் கிடைக்கும். அரிசோனாவில் பிரீமியம் என்பது 91, ஆகவே கலவை 89. வாரம் முழுக்க ஓட்டித் தொட்டியைக் காலியாக்கிவிட்டு முழுவதும் 91 போட்டால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஏற்றத்துக்கு முன்பே போட வேண்டும். ஏறி முடித்து மேலே கோல்டன் வேலி என்ற ஊரில் போட்டால் அந்தப் பிரீமியம் இறக்கத்தில்தான் எரியும். புல்ஹெட் சிட்டியிலேயே பதின்மூன்று கேலன் போட்டால் கூடுதல் செலவு, நம் கணக்கின்படி, பத்து டாலர் நாற்பது சென்ட்.